உள்பக்கம் பூசாத பெட்டி

சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்களின் போக்கைக் கவனித்தால் ஒன்று தெரியும். பலகையை அறுத்து ஒட்டி நிறுத்துவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர், மறுபடி உப்புத்தாள், பெயின்ட் என்று வாரக்கணக்கில் இழுக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வூஃபரின் காந்தத்தைக் கையில் தூக்கி எடை பார்த்து வாங்கியவர், வீட்டுக்கு வந்ததும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் கறுப்பைப் பற்றித்தான் பேசுகிறார். பூச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உழைப்பில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்கே போய்விடுகிறது, பெட்டியைக் காப்பாற்றுகிற பக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதே என் கட்சி.

பெட்டியை அடைப்பதில் தனித்தனியாக இரண்டு வேலைகள் இருக்கின்றன. காற்று வெளியேறாமல் அடைப்பது ஒன்று, ஈரம் பலகைக்குள் புகாமல் அடைப்பது இன்னொன்று. வெளியே அடிக்கிற பெயின்ட் இரண்டையும் ஒரே வீச்சில் முடித்துவிடும் என்ற நம்பிக்கைதான் பல பெட்டிகளைக் கெடுத்திருக்கிறது.

முதலில் காற்று. 1954இல் எட்கர் வில்ச்சர் உருவாக்கிய ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்குச் சுருள்வில்லாக ஆக்கியது. சிறிய பெட்டியிலிருந்து ஆழமான தாழ்சுருதி வந்தது அதனால்தான். அப்படிப்பட்ட மூடிய பெட்டியில் ஓட்டை விழுந்தால் வில் தளர்ந்துவிடும் என்பது யாருக்கும் புரியும். போர்ட் என்னும் திறந்த குழல் வைத்த பெட்டியில்தான் குழப்பம். ‘ஏற்கெனவே ஒரு பெரிய ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம், இன்னொரு சின்ன ஓட்டையால் என்ன ஆகிவிடப் போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் போர்ட் வெறும் ஓட்டை இல்லை. அந்தக் குழலுக்குள் இருக்கும் காற்றுக்கு ஓர் எடை உண்டு. பெட்டிக்குள் இருக்கும் காற்று அதற்கு வில். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடுகின்றன. அந்த அதிர்வெண்ணில் வூஃபரின் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஒலி பெரும்பாலும் குழல் வழியாகத்தான் வரும். பெட்டிக்குள் அழுத்தம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். இணைப்பில் உள்ள ஒரு கீறல் வழியாக அந்த நேரத்தில் வெளியேறும் காற்று இசையாவதில்லை. உராய்வில் வீணாகி, ‘ஸ்ஸ்’ என்ற சீறலாகக் கேட்கும். 1961இல் நெவில் தீல் போர்ட் பெட்டிகளுக்குக் கணக்கு வகுத்தார். 1970களில் அதை விரித்து எழுதிய ரிச்சர்ட் ஸ்மால், இந்தக் கசிவு இழப்புக்கென்றே தனியாக ஓர் அளவையும் கணக்கில் சேர்த்தார். போர்ட் பெட்டிக்கும் கசிவு பகைதான்.

கசிவு பெரும்பாலும் நாம் பயப்படும் இடத்தில் இருப்பதில்லை. ஃபெவிகால் தாராளமாகத் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கிய பலகை இணைப்பு எளிதில் காற்று விடாது. வயர் வெளியே வரும் துளை, பின்பக்க டெர்மினல், வூஃபர் உட்காரும் விளிம்பு, இந்த மூன்றும்தான் திருட்டு வாசல்கள். வெளிப்பூச்சு இவற்றில் ஒன்றைக் கூடச் சரிசெய்வதில்லை. வூஃபர் விளிம்பைப் பொறுத்தவரை கெடுதலே செய்கிறது. வழிந்த பெயின்ட் அங்கே மேடு தட்டி நின்றால் இரும்புச் சட்டம் சமமாக உட்காராது. வூஃபர் கோனை இரண்டு கை விரல்களாலும் மெதுவாக அழுத்தி விட்டுப் பாருங்கள். மூடிய பெட்டியில் அது நிதானமாகத் திரும்பி வந்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது. சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று போகிறது. தாழ்சுருதி ஒலியை ஓடவிட்டு ஊதுபத்திப் புகையை இணைப்புகளின் அருகே காட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக ஊசிமுனைக்கும் இடம் விடாமல் அடைக்க வேண்டியதில்லை. வானிலையோடு மாறும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க மிக மெல்லிய கசிவு இருப்பது நல்லதே.

அடைக்கிறேன் என்று சிலிகானைப் பிதுக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான வகை காயும்போது காடி வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தங்கினால் தாமிரக் கம்பி பச்சை பூக்கும். சிலிகான் பட்ட இடத்தில் பெயின்டும் பிடிக்காது, மீன்கண் போல வட்டவட்டமாக விலகி நிற்கும். மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து இணைப்பின் உள்மூலைகளில் விரலால் இழுத்துவிடுகிற தச்சர்களின் பழைய முறை இதைவிட எவ்வளவோ மேல்.

இனி ஈரம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் முகம் ஓரளவு இறுகியிருக்கும். அறுத்த ஓரமோ மை ஒற்றும் தாள் மாதிரி. எத்தனை கோட் அடித்தாலும் குடித்துக்கொண்டே போகும். அதை அடக்க ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து தடவுவது நம்மவர்களின் வழக்கம். செலவில்லாத வழி, ஓரளவு பலனும் உண்டு. ஆனால் தண்ணீர் நாரை உப்பவைக்கிறது. உப்புத்தாள் தேய்க்கும் சூட்டில் பசை இளகித் தாளில் அப்பிக்கொள்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோ, சாண்டிங் சீலரோ இந்தத் தொல்லையைத் தராது. சுவருக்குப் பூசும் வெள்ளை சிமென்ட் பட்டியை இதற்குப் பயன்படுத்துவது மட்டும் மன்னிக்க முடியாதது. ஓயாமல் அதிரும் பலகையில் அந்த நொறுங்கல் சரக்கு நிற்காது.

ஓரத்தை ஒருவழியாக அடக்கி, வெளியே மூன்று கோட் அடித்தபின் உள்ளே எட்டிப் பார்த்தால் பலகை பச்சையாகவே இருக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்று வீசும் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. போர்ட் வழியாக அறைக்காற்று பெட்டிக்குள் போய்வந்துகொண்டே இருக்கிறது. ஒரு முகம் மூடியும் மறுமுகம் திறந்தும் இருக்கும் பலகை ஒரு பக்கமாக ஈரம் குடித்து வளையப் பார்க்கும். கடைசிப் பலகையை மூடுவதற்கு முன் உள்ளே இரண்டு கோட் சீலர் அடிப்பது அரை மணி நேர வேலை. பசை பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும், ஏனென்றால் சீலர் குடித்த மரத்தில் ஃபெவிகால் ஊறாது. இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. உள்பக்கத்தை யாரும் போட்டோ எடுப்பதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. எம்.டி.எஃப். பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிவதைப் பூச்சு குறைக்கும் என்பது உள்ளே அடிப்பதற்கு இன்னொரு நியாயம். தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கு மாஸ்க் கட்டாயம். மரத்தூளையும் ஃபார்மால்டிஹைடையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

பெயின்ட் அடித்தால் ஒலி இனிமையாகும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 மி.மீ. எம்.டி.எஃப். ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 13 கிலோ. அதன்மேல் காய்ந்து நிற்கும் 0.1 மி.மீ. பெயின்டின் எடை நூற்றைம்பது கிராமுக்குள் அடங்கிவிடும். நூற்றில் ஒரு பங்கு! உள்ளே குறுக்காக ஒரு பிளைவுட் துண்டை ஒட்டினால் இதைவிடப் பல மடங்கு பலன் கிடைக்கும். வயலினுக்கு வார்னிஷ் முக்கியமில்லையா என்று கேட்பார்கள். வீணைக் குடமும் வயலின் பலகையும் அதிர வேண்டியவை. ஸ்பீக்கர் பெட்டி அதிரக் கூடாதது.

கண்ணுக்கு அழகு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. டியூகோ என்னும் லாக்கர் பெயின்ட் சீக்கிரம் காயும், தேய்க்கத் தேய்க்க மெருகேறும். நல்ல கையில் அது தரும் பூச்சுக்கு ஈடில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் வெளுத்துப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. எம்.டி.எஃப். பெட்டியில் இன்னொரு சங்கடம் உண்டு. பலகையின் முகமும் ஓரமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அடித்த அன்று கண்ணாடியாக இருந்த பக்கத்தில் சில மாதங்களில் இணைப்புக் கோடு நூல் பிடித்தாற்போல எழும்பும். பளபளப்பு கூடக்கூட அந்தக் கோடு இன்னும் துலக்கமாகத் தெரியும். சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயின்டோ மங்கலான கறுப்போ அதை மறைத்துவிடும்.

ரெக்சினை நாகரிகமில்லாதது என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கல்யாண மண்டபத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் லாரியில் ஏறி இறங்கும் சவுண்ட் சர்வீஸ் பெட்டிகளில் அது அடி வாங்கியே நிலைத்தது. வெயிலில் பசை விட்டு மூலை கிளம்பும், உண்மைதான். ஆனால் கிளம்பிய மூலையை மறுபடி ஒட்டலாம். டியூகோவில் ஒரு கீறல் விழுந்தால் முழுப் பக்கத்தையும் தேய்த்தெடுக்க வேண்டும்.

பழுது பார்க்கும் நாளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வூஃபரின் ஃபோம் விளிம்பு ஆண்டுகள் போகப்போக உதிர்ந்துவிடும். அன்றைக்குப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். வூஃபர் உட்காரும் இடத்தில் தடிமனாக அடித்த பெயின்ட் கேஸ்கெட்டோடு ஒட்டிக்கொண்டு ஏடு ஏடாக உரிந்து வரும். எனவே வூஃபர் உட்காரும் வட்டத்தில் பெயின்ட் வேண்டாம், சீலர் மட்டும் போதும். தின்னர் வாடை முழுதும் போகும்வரை வூஃபரைப் பொருத்தவும் வேண்டாம். அந்த ஆவி ஃபோமையும் கோன் பசையையும் இளக்கிவிடும்.