அச்சத்தைப் படம்பிடித்த அறிஞர்

மைக்கேல் பவல் இயக்கிய 'பீப்பிங் டாம்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் 1960-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. அன்றைய திறனாய்வாளர் பலர் அதனை இழிந்த காமப் படம் எனக் கடிந்து ஒதுக்கினர். அக்கடுமொழிகளால் இங்கிலாந்தில் பவலின் கலைவாழ்வே தளர்ந்தது. அவர்தம் தீர்ப்பு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கதைத்தலைவன் மார்க் லூயிஸ், படப்பிடிப்பு நிலையத்தில் ஒளிப்பதிவாளர்க்குத் துணைநிற்பவன். ஓய்வுப் பொழுதில் மகளிரின் கவர்ச்சிப் படங்களை எடுத்துப் பொருளீட்டுபவன். மகளிரைக் கொல்பவனும் அவனே. அவனுடைய படக்கருவியைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கூர்முனை மறைந்துள்ளது. கருவியோடு கண்ணாடி ஒன்றும் உண்டு. சாகும் பெண் தன் அச்சத்தைத் தானே கண்டு சாக, அவன் அதனைப் படமாக்குகிறான்.

இக்கொடுமைக்கு வித்து யாது? அவன் தந்தை அச்சத்தை ஆராய்ந்த அறிஞர். உறங்கும் மைந்தன் கண்ணில் ஒளி பாய்ச்சியும், படுக்கையில் பல்லி போன்றதோர் உயிரை இட்டும், அவன் நடுங்குவதைப் படமெடுத்தார். தாயின் மரணக் கட்டிலருகே நின்றபோதும் சிறுவனை விட்டாரல்லர். நம் இலக்கண நூலார் அச்சத்தை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்தனர். உள்ளத்து நிகழ்வது உடலில் புலப்படுதலே மெய்ப்பாடு. அறிஞர் உடலில் புலப்பட்டதைப் பதிந்தார். அவ்வுள்ளம் தம் மகனுடையது என்பதை மறந்தார். பதிவுசெய்தலன்றி வேறு பார்வை அறியாதவனாக மகன் வளர்ந்தான்.

ஆதலின் இப்படத்தின் உயிர்நிலை காமம் அன்று. காதல் இயலாமற்போன அவலமே. கீழ்த்தளத்தில் வாழும் ஹெலன், உணவுண்ணச் செல்லுங்கால் படக்கருவியை விட்டு வருமாறு வேண்ட, அவன் விட்டுச் செல்கிறான். அவளைப் படமெடுக்க மறுப்பதே அவன் அறிந்த ஒரே அன்பு. கண்ணற்ற அவள் தாயே அவனை முதலில் ஐயுறுகிறாள் என்பதும் கருதத்தக்கது. காண்பதும் அறிவதும் ஒன்றல்ல என்று படம் உணர்த்துகிறது.

தந்தையாகப் பவலே தோன்றினார்; சிறுவனாக அவர்தம் மகன் கொலம்பா நடித்தான். பிறர் அச்சத்தைக் காட்சிப்பொருளாக்கும் குற்றத்தில் கலைஞனுக்கும் பங்குண்டு என்று இயக்குநர் ஒப்புக்கொண்டதாகவே இதனை நாம் கொள்கிறோம்.

குறையும் உண்டு. கொலையுண்ட மகளிரின் அகவாழ்வைப் படம் மிகுதியும் காட்டவில்லை. அவர்கள் பெரும்பாலும் அச்சமுற்ற முகங்களாகவே நின்றுவிடுகின்றனர். தந்தையின் பிழையைப் படமும் ஓரளவு செய்துவிட்டது எனலாம். எனினும், இழிந்தது என்று தள்ளிய தீர்ப்பு நேரிதன்று. மனத்தை அறிய முயல்வோன் அம்மனத்தை உடையவரை மறக்கலாகாது என்னும் அறத்தை, இருக்கையில் அமர்ந்து காணும் நம்மையும் உட்படுத்தி இப்படம் வினவுகிறது. கடிந்தோர் சினத்திற்கு அவ்வினாவே காரணமாகலாம் என்பது நம் துணிபு.