வாக்குறுதியின் வினைமுற்று

வாக்குறுதி என்பது மொழியால் ஆன ஒப்பந்தம். ஆதலின் அதனை ஆராயும் உரிமை வணிகருக்கும் சட்ட வல்லுநருக்கும் மட்டுமன்றி, மொழியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் உண்டு. ‘காடுகளைக் காப்போம்’ எனப் பெருநிறுவனங்கள் தாமே முன்வந்து அளிக்கும் உறுதிமொழிகளை இந்நோக்கில் அணுகுதல் தகும். மலேசியத் தமிழரின் உழைப்போடு நெடுங்காலம் பிணைந்துள்ள செம்பனைத் தொழிலையே இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

செம்பனை எண்ணெயைப் பெருமளவில் வாங்கும் நிறுவனங்களும் இடம்பெற்ற நுகர்பொருள் மன்றம் என்னும் பன்னாட்டு அமைப்பு, 2010-ஆம் ஆண்டில் ஓர் உறுதி பூண்டது. 2020-க்குள் காடழிப்பை ‘நிகரச் சுழியம்’ ஆக்க உதவும் பொருட்டு வளங்களைத் திரட்டுவோம் என்பது அதன் சாரம். இவ்வாக்கியத்தின் பயனிலை யாது? ‘நிறுத்துவோம்’ என்பதன்று, ‘திரட்டுவோம்’ என்பதே. நிறுத்துதல் விருப்பமாக நிற்க, திரட்டுதலே கடமையாகிறது. ‘நிகர’ என்னும் அடைமொழியோ, ஓரிடத்தில் அழிந்த பழங்காட்டை வேறோரிடத்தில் நட்ட கன்றுகளால் ஈடுகட்டிக் கணக்கை நேர்செய்ய இடந்தருகிறது. 2020 வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. தவறினால் யாது நேரும் என்பதற்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை.

இதனினும் உறுதியான ஏற்பாடு, 2004-இல் தோன்றிய நிலைத்தன்மைமிக்க செம்பனை எண்ணெய் வட்டமேசை மன்றம். கோலாலம்பூரில் செயலகம் கொண்ட இம்மன்றத்தில் தோட்ட நிறுவனங்களும், வாங்குவோரும், வங்கிகளும், இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் உறுப்பியம் பெற்றுள்ளன. ஆயினும் தோட்டத்தைத் தணிக்கை செய்வோருக்கு ஊதியம் வழங்குவது அத்தோட்ட நிறுவனமே. தேர்வெழுதும் மாணவனே தேர்வாளருக்குக் கூலி கொடுப்பதை எப்பள்ளியேனும் ஏற்குமா?

எனினும் இம்மன்றத்தைப் பயனற்றதென ஒதுக்குதலும் முறையன்று. 2016-இல், இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் நிகழ்ந்த மீறல்கள் பற்றிய முறையீட்டின்பேரில், ஐ.ஓ.ஐ. என்னும் மலேசிய நிறுவனத்தின் சான்றிதழை மன்றம் நிறுத்திவைத்தது. பெரும் வாடிக்கையாளர்கள் பலர் கொள்முதலை நிறுத்தினர். மன்றத்தின்மீது வழக்குத் தொடுத்த நிறுவனம், பின்னர் அதனைத் திரும்பப் பெற்றது. திருத்தத் திட்டத்தை முன்வைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தடை நீங்கியது. இங்கு நிறுவனத்தை அசைத்தது அது முன்னர் உரைத்த உறுதிமொழியன்று, இழந்த வணிகமே. பிறர் கையில் அளவுகோலும் தண்டமும் இருந்தமையால், தன்னார்வ உறுதிக்கும் வலிமை பிறந்தது.

‘சட்டம் கேட்பதினும் மிகுதியாகவே நாங்கள் செய்கிறோம்’ என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மையும் உண்டு. 2013-இல் வில்மார் நிறுவனம் வெளியிட்ட கொள்கை, காடழிப்பையும் கரிச் சதுப்புநிலச் சாகுபடியையும் விலக்கியதோடு, தனக்கு எண்ணெய் வழங்குவோரையும் கட்டுப்படுத்த முனைந்தது. சட்டம் மட்டுமே மருந்தென்பதும் பொருந்தாது. மலேசியா தன் செம்பனைச் சான்றிதழை 2020-இல் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் காடழிப்புக்கு எதிரான சட்டம் இயற்றியும், அதன் நடைமுறையைத் தள்ளிவைத்தது. எனவே கட்டாயமா, தன்னார்வமா என்பதினும், தவறியவர் யாருக்குப் பதில் கூறவேண்டும் என்பதே தலையாய வினா.

இது ஏட்டுச் சிக்கலன்று. நீர் வடிக்கப்பட்ட கரிச் சதுப்புநிலம் எளிதில் தீப்பற்றும். மண்ணுக்குள்ளேயே பல நாள் கனலும். 2015-இல் இந்தோனேசியக் காடுகளிலும் இத்தகு நிலங்களிலும் எழுந்த புகைமூட்டத்தால், மலேசியாவின் பல மாநிலங்களிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகள் மூடப்பட்டன. காப்பாற்றப்படாத சொல்லின் விலையை, அச்சொல்லைக் கேட்டேயிராத சிறார் செலுத்தினர்.

ஆகவே, உறுதிமொழி ஒன்றைப் படிக்கும் மாணவர் அதன் எழுவாயையும் வினைமுற்றையும் முதலில் தேடுதல் வேண்டும். செய்பவர் யார்? எந்நாளுக்குள்? எவ்வளவு? அளப்பவர் யார்? தவறின் யாது நேரும்? இவ்வினாக்களுக்கு விடை தரும் வாக்கியமே வாக்குறுதி, ஏனையது விளம்பரம்.