பழைய லேத்: பெயிண்ட் டப்பாவுக்கு முன்னால் டயல் கேஜ்

துருப்பிடித்த பழைய லேத் ஒன்றை முதன்முதலாக வாங்குபவர் பெரும்பாலும் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித்தான் வேலையைத் தொடங்குகிறார். பெயிண்டைச் சுரண்டி, பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, புதுப் பெயிண்ட் அடித்து மறுபடி பூட்டுகிறார். இயந்திரம் பளபளக்கிறது. ஆனால் கழற்றுமுன் அது எப்படிக் கடைந்தது என்பது அவருக்குத் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. புதியவர் கையில் பழைய லேத் வீணாவதற்குத் தேய்மானத்தைவிட இந்த வரிசைப் பிழையே பெரிய காரணம் என்பேன். முதலில் அளக்க வேண்டும், பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அதை விளக்க அமெரிக்காவின் சவுத் பெண்ட் 9 அங்குல லேத் நல்ல உதாரணம்.

இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஜான், மைல்ஸ் ஓ'பிரையன் என்ற இரட்டையர் 1906-இல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. லேத் ஓட்டக் கற்றுத்தரும் அவர்களது சிறு கையேடு பல பதிப்புகள் கண்டது. நம்மூர்ப் பட்டறையில் 'ஆறடி லேத்' என்று பெட்டின் நீளத்தைச் சொல்கிறோம். அமெரிக்கர்கள் பெட்டுக்கு மேல் சுழலக்கூடிய விட்டத்தைச் சொல்வார்கள், அதுதான் இந்த 9 அங்குலம். ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. ஏ வகையில் கியர் பாக்ஸ் இருக்கிறது. பி வகையில் அது இல்லை, ஆனால் கிராஸ் ஸ்லைடு தானாக நகரும். சி வகையில் இரண்டும் இல்லை. கற்பவருக்கு சி போதும் என்பதே என் தீர்ப்பு: உள்ளே பாகங்கள் குறைவு, பழுதாகக்கூடியவையும் குறைவு.

இப்போது அளவுக்கு வருவோம். 25 மி.மீ. கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் முட்டுக்கொடுக்காமல் 100 மி.மீ. வெளியே நீட்டுங்கள். நடுப்பகுதியைச் சற்று ஒல்லியாக்கி, இரு முனையிலும் ஒரு வளையம் விட்டு, டூலின் ஆழத்தை மாற்றாமல் இரண்டையும் மெல்லிய வெட்டில் கடையுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டு விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிமுனை பருத்திருந்தால் "பெட் தேய்ந்துவிட்டது" என்று முடிவுகட்டுவார்கள். அந்த முடிவு பல நேரம் தவறு. வார்ப்பிரும்புப் பெட் பார்க்க உறுதியாக இருந்தாலும், சமமில்லாத மேசையில் போல்ட் போட்டு இறுக்கினால் முறுக்கிக்கொள்ளும். டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி மறுபடி கடைந்து பாருங்கள். வித்தியாசம் மறைந்தால் குற்றம் மேசையினுடையது. ஒரு துண்டுத் தகட்டில் தீரும் குறைக்காக இயந்திரத்தையே பிரித்துப்போட்டவர்கள் உண்டு என்பதுதான் வருத்தம்.

உண்மையிலேயே பெட் தேய்ந்திருந்தாலும் எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும். மேற்சொன்ன 25 மி.மீ. கம்பியில் டூல் மையத்திலிருந்து 0.1 மி.மீ. கீழே இறங்கினால் விட்டம் கூடுவது 0.001 மி.மீ.கூட இல்லை. அதே டூல் பக்கவாட்டில் 0.1 மி.மீ. விலகினால் விட்டம் 0.2 மி.மீ. மாறும். கண்ணுக்குத் தெரியும் பள்ளமெல்லாம் வேலையில் அதே அளவு பிழையாக வராது. கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றுவதும் அப்படித்தான். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் அந்தத் தொய்வு வேலையைக் கெடுக்காது. கிராஸ் ஸ்லைடு நட்டின் மரை அறுந்துபோகும் நிலையில் இருந்தால் மட்டும் அதை மாற்றுங்கள்.

ஹெட்ஸ்டாக்கில் கவனம் வேண்டும். ஸ்பிண்டில் துளையில் ஒரு தடியை நுழைத்து மேல்நோக்கி நெம்புங்கள். ஸ்பிண்டிலில் வைத்த டயல் கேஜின் முள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்கு மேல் நகரவில்லை என்றால் ஹெட்ஸ்டாக்கைத் தொடவே வேண்டாம். சக் இறுகிக் கிடந்தால் பேக் கியரைப் பூட்டி ஸ்பிண்டிலை நிறுத்தித் தட்டக் கூடாது; இந்த லேத்தில் உடைந்த பல் அதிகம் காண்பது பேக் கியரில்தான். பெட்டின் மேல் எமரித் தாளும் தேய்க்க வேண்டாம். அதன் துகள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு அரத்தின் வேலையைச் செய்யும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் கிரைண்டர் வைத்துத் தூசி பறக்கவிடுவது உடல்நலத்துக்குக் கேடு.

பெட்டை கிரைண்டிங் கொடுத்துவிட்டால் எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீராது. பெட் குறைந்த அளவுக்கு சேடில் கீழே இறங்கும். அதனுடன் ஏப்ரனும் இறங்க, ஹாஃப் நட் லீட் ஸ்க்ரூவோடு நேர்கோட்டில் நிற்காது. ஒன்றைச் சரிசெய்ய மூன்றைத் திருத்த வேண்டிவரும். அது தேர்ந்த கைக்குரிய வேலை. புதிய சிறிய லேத்தே வாங்கலாமே என்பது இன்னொரு கேள்வி, நியாயமானதும்கூட. அடுத்த வாரமே பாகம் கடைந்து தரவேண்டியவர் புதியதையே வாங்கட்டும். மெட்ரிக் மரை மட்டுமே வெட்டுபவருக்கும் பழைய சவுத் பெண்ட் சற்றுச் சிரமம்: அதன் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு எட்டு மரை, மெட்ரிக்குக்கு 127 பல் கியர் ஒன்று தனியாகத் தேவை. ஆனால் லேத் ஏன் துல்லியமாகக் கடைகிறது, எப்போது ஏமாற்றுகிறது என்று புரிந்துகொள்ள விரும்புபவருக்கு, ஒவ்வொரு குறையையும் அளந்து, கையாலேயே திருத்த இடம் தரும் இந்த இயந்திரத்தை முழு மனதோடு பரிந்துரைப்பேன்.

பழைய லேத் பார்க்கப் போகும்போது டயல் கேஜ், மைக்ரோமீட்டர், ஒரு துண்டு கம்பி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் கம்பியைக் கடைந்து பார்க்க விடவில்லை என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.