ஜீப் தடம் திறந்திருக்க என்ன வேண்டும்? – சில விமர்சனக் குறிப்புகள்

அமெரிக்காவில் ஜீப், டர்ட் பைக், ஏ.டி.வி. ஓட்டுகிறவர்களின் சங்கங்கள் வெளியிடும் அறிக்கைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சு. காட்டிலும் பாலைவனத்திலும் நம் தடங்களை மூடப் பார்க்கிறார்கள், உடனே இறங்கி வேலை செய்யுங்கள் என்று ஆரம்பிக்கும். பிறகு மூன்று வேலை சொல்வார்கள். சங்கத்தில் சேருங்கள், பணம் கொடுங்கள், இந்தப் பொத்தானை அமுக்கி அதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். முதல் இரண்டோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அந்தக் கடிதம் பெரும்பாலும் வீண். ஒரு தடத்தை நிஜமாகவே திறந்து வைத்திருக்கிற வேலை வேறு மாதிரி இருக்கிறது, அதை இந்த அறிக்கைகள் சரியாகச் சொல்வதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த வண்டிகள் ஓட்டுகிறவன் இல்லை. அரசாங்கம் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறது என்று ஆவணங்களை நோண்டிப் பார்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். அதற்கு இதைவிட நல்ல விஷயம் சமீபத்தில் கிடைக்கவில்லை.

கொஞ்சம் பின்னணி. பொது நிலம் என்றதும் நமக்குப் புறம்போக்கு ஞாபகம் வரும், கேட்பாரில்லாத இடம் என்ற பொருளில். அங்கே அப்படி இல்லை. நில மேலாண்மைப் பணியகம் (சுருக்கமாக பி.எல்.எம்.) மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கரை நிர்வகிக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்கு. ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில் இன்னொரு 19.3 கோடி ஏக்கர். இரண்டுமே மேய்ச்சல், சுரங்கம், மரம், பொழுதுபோக்கு, காட்டுயிர் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆக, சண்டை சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

1972-இல் நிக்சன் ஓர் ஆணை போட்டார், எண் 11644. பொது நிலத்தில் வண்டி போகும் தடங்களை அடையாளப்படுத்தும்போது மண், நீர்ப்பிடிப்பு, தாவரத்துக்கு வரும் சேதம், விலங்குகளுக்கு வரும் தொந்தரவு, மற்றப் பயனாளிகளோடு வரும் மோதல் ஆகியவற்றைக் குறைக்கும் நோக்கத்தோடு இடம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அது. 1977-இல் கார்ட்டர் இன்னும் இறுக்கினார், பெரிய சேதம் தெரிந்தால் அந்த வகை வண்டிக்கு அந்த இடத்தை உடனே மூடு என்று. இந்த "குறைத்தல்" என்ற சொல்லை வைத்துத்தான் பிறகு எத்தனையோ வழக்குகள் நடந்தன. சங்க அறிக்கைகளில் அதிகம் வருவது "சுதந்திரம்". நீதிமன்றத்தில் அதிகம் வருவது "குறைத்தல்". இரண்டு பேரும் வேறு வேறு பாஷை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பெரிய மாற்றம் 2005-இல் நடந்தது. அதுவரை பல தேசிய வனங்களில் "மூடியது" என்று பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடம். 2005-இல் ஃபாரஸ்ட் சர்வீஸ் கொண்டுவந்த விதி இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு வனமும் எந்தச் சாலை, எந்தத் தடம், எந்த வகை வண்டிக்கு, எந்த மாதங்களில் என்று முடிவு செய்து ஒரு வரைபடம் வெளியிட வேண்டும். வரைபடத்தில் இல்லாதது மூடியது. ஃபயர்வால் வைத்தவர்களுக்கு இது உடனே புரியும். பட்டியலில் இல்லாத எதையும் அனுமதிக்காதே என்று ஒரே ஒரு வரி மாறினால் மொத்த நெட்வொர்க்கின் குணமே மாறிவிடும். அந்த வரைபடங்கள் கறுப்பு வெள்ளையில், மலை ஏற்ற இறக்கம்கூடச் சரியாகக் காட்டாமல், பார்க்கவே சகிக்காது. ஆனால் சட்டப்படி அதுதான் தடம். தாத்தா காலத்திலிருந்து ஓட்டிய வழியாக இருந்தாலும் அந்தத் தாளில் கோடு இல்லையென்றால் அது வழி இல்லை.

இங்கேதான் கடிதம் வருகிறது. இப்படி ஒரு முடிவு எடுக்கும் முன் அமைப்பு தன் திட்டத்தை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்கும். சங்கங்கள் ஒரு மாதிரிக் கடிதத்தைத் தயார் செய்து கொடுக்க, ஆயிரக்கணக்கில் அதே கடிதம் போய்ச் சேரும். அனுப்புகிறவர்கள் இதை ஓட்டுப் போடுவதாக நினைக்கிறார்கள். ஓட்டு இல்லை என்று அந்த அமைப்புகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரே வாசகம் உள்ள கடிதங்களை ஒன்றாகக் கட்டி, அதிலிருக்கும் ஒரே கருத்துக்கு ஒரே பதிலை எழுதிவிடுவார்கள். "தடங்களை மூடாதீர்கள்" என்று பத்தாயிரம் பேர் எழுதினால், "உங்கள் விருப்பம் கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற மாதிரி ஒரு வரி பதில். கதை முடிந்தது.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகின காட்சி. "ஆப் வேலை செய்யல" என்று ஆயிரம் டிக்கெட் வந்தால் எல்லாவற்றையும் டூப்ளிகேட் என்று மூடுவோம். எந்த போன், எந்த வெர்ஷன், எதை அமுக்கினபோது என்று ஒருவர் எழுதினால் அன்றைக்கு ராத்திரி யாரோ ஒருவர் தூங்க முடியாது. அதே மாதிரிதான் இதுவும். இந்த எண்ணுள்ள தடம் அந்தத் தடத்தோடு சேர்ந்து ஒரு சுற்றாகிறது, இதை மூடினால் எல்லோரும் போன வழியே திரும்புவார்கள், ஓடையை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை கடப்பார்கள், இதோ ஜி.பி.எஸ். பதிவு, இதோ தேதியோடு படம் என்று ஒருவர் எழுதினால் அதற்குத் தனியாகப் பதில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வழக்கில் அது ஓட்டையாக நிற்கும்.

இன்னொன்றும் உண்டு, பெரும்பாலான அறிக்கைகள் இதைச் சின்ன எழுத்தில்கூடச் சொல்வதில்லை. ஃபாரஸ்ட் சர்வீஸ் முடிவுகள் பலவற்றில், இறுதி முடிவுக்கு முன் முறைப்படி ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் கருத்துக் கேட்ட காலத்தில் குறிப்பாக எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே அந்த உரிமை. அவர்கூடப் பொதுவாக அப்போது எழுப்பிய விஷயத்தைத்தான் எழுப்ப முடியும். அதாவது அந்தக் கடிதம் பின்னால் நுழைய ஒரு டிக்கெட். பொத்தானை அமுக்கி அனுப்பிய பொதுப்படையான புலம்பலை டிக்கெட்டாக நீட்டினால் வாசலிலேயே நிறுத்திவிட வாய்ப்பு அதிகம்.

யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் பக்கத்தில் லேபிரிந்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் என்று சுமார் 3 லட்சம் ஏக்கர் பி.எல்.எம். நிலம். அங்குள்ள தடங்களில் பல, 1950-களின் யுரேனிய வேட்டையில் புல்டோசர் கீறிவிட்டுப் போன கோடுகள். 2023 செப்டம்பரில் பி.எல்.எம். அங்கே 317 மைல் தடத்தை மூடியது. பெரிய ரகளை ஆனது, புதிய அரசாங்கம் எங்கள் வழியைப் பிடுங்கிவிட்டது என்று. தேதிகளைப் பார்த்தால் கதை வேறு. 2008-இல் பி.எல்.எம். போட்ட திட்டங்களை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2017-இல் சமரசம் ஆனது, பல பகுதிகளின் தடத் திட்டங்களை மறுபடி எழுதுவதாக பி.எல்.எம். ஒத்துக்கொண்டது. 2023-இல் வந்தது அந்தச் சமரசத்தின் விளைவு. 15 வருடமாக வந்துகொண்டிருந்த ரயிலை, பிளாட்ஃபாரத்துக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான ஓட்டுநர்கள் பார்த்தார்கள். சில அமைப்புகள் ஆரம்பத்திலிருந்தே நீதிமன்றத்தில் நின்றன, அது உண்மை. தங்கள் உறுப்பினர்களுக்கு அதை விளக்கும் விதத்தில்தான் எனக்குக் குறை. கடைசி நாள் பதற்றம் நன்கொடை கொண்டுவரும். தடக் கணக்கெடுப்புக்கு ஆள் கொண்டுவராது.

எதிர்த்தரப்பையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்களும் மைல் எண்ணியே பேசுகிறார்கள். 70 வருடம் பழைய சுரங்க வழியும், நேற்று யாரோ புதருக்குள் டயர் ஓட்டிப் போட்ட கோடும் அந்தக் கணக்கில் ஒரே மைல். மோட்டாருக்கு மூடினால் என்ன, நடந்து போகலாமே என்பதும் சரியான பதில் இல்லை. முட்டி தேய்ந்துபோன எழுபது வயதுக்காரருக்கு, தண்ணீரே இல்லாத பாலைவனத்தில் இருபது மைல் நடை என்பது மூடியதற்குச் சமம்தான். அந்த இழப்பை இழப்பு என்றே சொல்லிவிட்டு, பிறகு ஆற்றின் அமைதியும் மலை ஆடுகளும் அதைவிடப் பெரிது என்று வாதிடலாம். இல்லவே இல்லை என்பது போல் நடந்துகொள்வது நேர்மை இல்லை.

மோட்டார் தரப்பில் இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் தெளிவாகும். முதலாவது, அதே யூட்டாவில் ரீகேப்சர் கேன்யன். பழங்குடி முன்னோர்களின் குடியிருப்பு எச்சங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. 2007-இல் வண்டிகளுக்கு மூடினார்கள். 2014 மே மாதம் உள்ளூர் கவுண்டி ஆணையர் ஃபில் லைமன் தலைமையில் ஒரு கூட்டம் எதிர்ப்புக் காட்ட மூடிய வழியில் வண்டி ஓட்டியது. நாடு முழுக்கச் செய்தி. அவருக்கு 10 நாள் சிறை, சுமார் 96,000 டாலர் இழப்பீடு. 2020 கடைசியில் டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார். அந்த மன்னிப்பு அவருக்குக் கிடைத்தது, தடத்துக்கு இல்லை.

இரண்டாவது ரூபிகான் தடம். நம்மூர் ஷோரூமிலேயே ரூபிகான் என்ற பெயரில் ஒரு ஜீப் நிற்கிறது, அந்தப் பெயர் இங்கிருந்து போனதுதான். கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையில், டாஹோ ஏரியை நோக்கி 22 மைல், முழுக்கக் கருங்கல் பாறை. 1953-லிருந்து அங்கே ஜீப் ஊர்வலம் நடக்கிறது. 1887-லேயே எல் டொராடோ கவுண்டி இதைப் பொதுச் சாலை என்று தீர்மானம் போட்டிருந்தது. 1866-இன் ஒரு சட்டம், பொது நிலத்தின் குறுக்கே சாலை போடும் உரிமையை ஒற்றை வாக்கியத்தில் கொடுத்திருந்தது. 1976-இல் அதை ரத்து செய்தபோதும் பழைய உரிமைகளை விட்டுவைத்தார்கள். எனவே ஓட்டுநர்கள் கையில் நூறு வருடத்துக்கும் மேலான பத்திரம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் பத்திரம் நாற்றத்தைத் தடுக்கவில்லை. 2004-இல் தடத்தின் நடுவே ஸ்பைடர் ஏரிப் பக்கத்தை, மனிதக் கழிவு குவிந்துவிட்டதால் மூட வேண்டியிருந்தது. 2009 ஏப்ரலில் அந்த வட்டார நீர்த் தர வாரியம் ஒரு துப்புரவு ஆணையையே பிறப்பித்தது. ஓடைகளில் மண் சேர்கிறது, பாறையில் மோதி உடையும் வண்டிகளிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது, மலக்கழிவு தண்ணீரில் கலக்கிறது என்று. ஆணை யாருக்கு? வனத்துக்கும் கவுண்டிக்கும். சாலை என்னுடையது என்று 1887-லிருந்து சொல்லிக்கொண்டிருந்தால் சாக்கடையும் உன்னுடையதுதானே!

இங்கே நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2001-லிருந்தே ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி ரூபிகான் என்று ஒரு தொண்டர் கூட்டம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஆணையை எதிர்த்துக் கொடி பிடிப்பதோடு நிற்காமல், இவர்களும் கவுண்டியும் மண்ணில் இறங்கினார்கள். மழைத் தண்ணீர் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடுவதுதான் பாதிச் சேதத்துக்குக் காரணம். தடத்தின் குறுக்கே தாழ்வான மேடு பள்ளம் அமைத்து, கல் பாவி, தண்ணீரை அங்கங்கே பக்கவாட்டில் திருப்பிவிட்டார்கள். ஓடைக்குள் இறங்கிக் கடந்த இடத்தில் பாலம் வந்தது. கழிப்பறைகள் கட்டினார்கள். தடத்தின் வாயிலில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கு எண்ணெய் உறிஞ்சும் துணியும், கழிவைக் கெட்டியாக்கும் பொடி போட்ட பையும் கொடுத்தார்கள். உன் கழிவை நீயே கட்டிக் கீழே கொண்டு வா. ஒரு லட்சம் டாலர் ஜீப் ஓட்டுகிறவரிடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பணம் எங்கிருந்து? பெரும்பகுதி கலிபோர்னியாவின் ஆஃப்-ரோடு நிதியிலிருந்து. 1971 சட்டம் உருவாக்கிய ஏற்பாடு அது. இந்த வண்டிகளின் பதிவுக் கட்டணமும், தடங்களில் எரியும் பெட்ரோலுக்கான வரிப் பங்கும் அதில் சேர்கின்றன. 2012-இல் ஃபாரஸ்ட் சர்வீஸ் அந்தத் தடத்துக்கு முறைப்படி வழியுரிமை கொடுக்க முடிவெடுத்தது. 1887 தீர்மானத்தை வைத்து நடந்த வாய்ச்சண்டைக்குக் கிடைக்காத உறுதி, வடிகாலும் கழிப்பறையும் போட்ட பிறகு கிடைத்தது என்பது என் வாசிப்பு.

பணம் மட்டும் போதுமா என்றால், இல்லை. அதே நிதியில் 1990-களில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, கார்னகி ஆஃப்-ரோடு பூங்காவை விரிவாக்க டெஸ்லா என்ற இடத்தில் சுமார் 3,100 ஏக்கர் வாங்கினார்கள். கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது ஒரு பழைய சுரங்க ஊரின் பெயர். அக்கம்பக்கத்து எதிர்ப்பு, வழக்கு என்று கால் நூற்றாண்டு இழுத்தது. அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்று நீதிமன்றம் சொன்னது. 2021-இல் மாநிலம் அங்கே வண்டி ஓட்டுவதற்கே சட்டம் போட்டு முற்றுப்புள்ளி வைத்தது. நிதிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், தடம் போனது போனதுதான்.

2025-இல் வாஷிங்டனில் சுற்றுச்சூழல் ஆய்வு விதிகள் பெரிய அளவில் தளர்த்தப்பட்டன. வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் குழு 1970-களிலிருந்து வந்த பொது விதிகளைக் கைவிட்டது. ஃபாரஸ்ட் சர்வீஸை உள்ளடக்கிய விவசாயத் துறையும் தன் விதிகளைச் சுருக்கியது. கருத்துக் கேட்கும் கட்டாயம் பல இடங்களில் குறைந்துவிட்டது. தடங்களை மூடுவது இனி கஷ்டம் என்று மகிழ்கிறவர்கள் இருக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்காமல் திறக்க முடிந்தால் கேட்காமல் மூடவும் முடியும். ஜி.பி.எஸ். பதிவோடும் படத்தோடும் ஒருவர் எழுதுகிற அந்த அபூர்வமான நல்ல கடிதம் போய்ச் சேர ஒரு முகவரி வேண்டுமே, அதைத்தான் குறைத்திருக்கிறார்கள்.