‘அரிப்பு’ என்னும் கலைச்சொல்: நிலக்கரிப் பொறிகளின் உலோகச் சிதைவை முன்வைத்து ஒரு திறனாய்வு

பொறியியல் தமிழில் ‘அரிப்பு’ என்னும் ஒரே சொல் இருவேறு நிகழ்வுகளைச் சுட்டி வழங்குகிறது. வேதிவினையால் உலோகம் அழிவதும், துகளோ நீரோ மோதிப் பரப்பைப் பறிப்பதும் இதனுள் அடங்கிவிடுகின்றன. வேர்ச்சொல்லே இதற்கு இடந்தருகிறது: கரையான் மரத்தை அரிக்கிறது, ஆறு கரையை அரிக்கிறது. பொது வழக்கில் இது குறையன்று, கலைச்சொல்லில் குறையே.

அனல்மின் நிலையக் கொதிகலன்களைச் செய்யும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை 1960களிலிருந்து திருச்சிராப்பள்ளியில் இயங்குகிறது. அத்தகைய கொதிகலன்களில் எரியும் இந்திய நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 முதல் 45 விழுக்காடு. கந்தகமோ பொதுவாக 1 விழுக்காட்டிற்கும் குறைவு. கரியோடு கலந்துவரும் குவார்ட்சு, மோ அளவுகோலில் 7 என்னும் கடினத்தன்மை உடையது, மென்னெஃகினும் கடியது. ஆகவே அரைவை உருளைகளும் கரித்தூள் செல்லும் குழாய் வளைவுகளும் முதன்மையாகத் துகள்களாலேயே தேய்கின்றன. ஈரக்கரி தங்கும் சேமிப்புக் கலங்களிலோ துருவும் சேர்கிறது. முன்னதற்குக் குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பும் காற்றின் வேகக் குறைப்பும் தீர்வாகும். பின்னதற்குத் துருவேறா எஃகு தீர்வாகும். இரண்டையும் ‘அரிப்பு’ என்றெழுதும் கையேடு, நோயறியாமல் மருந்து கூறுவதை ஒக்கும்.

இம்மயக்கம் ஆலைக்கு வெளியிலும் உண்டு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், திருவரங்கத் தீவின் வடபால் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. இரும்பில் ஏறும் துரு வேறு. தூணடி மணலை வெள்ளம் பறிப்பது வேறு. ‘அரிப்பால் சேதம்’ என்னும் தொடர் இவற்றுள் எதனையும் உறுதிப்படுத்தாது.

பேச்சு வழக்கு இவ்வகையில் நுட்பமுடையது. இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு, உராய்ந்து குறைவதற்குத் தேய்தல் என அது பிரித்தறிகிறது. ஆயினும் துருவும் களிம்பும் தனித்தனி உலோகங்களுக்கே உரியன, பொதுச்சொல் தேவை. பள்ளி வேதியியல் பாடநூல்களில் வழங்கும் ‘அரிமானம்’ அதற்குப் பொருந்தும். ‘அரிப்பு’ என்பதைத் துகளாலும் நீராலும் நேர்வதற்கே வரையறுக்கலாம்; ‘தேய்மானம்’ உராய்வுக்கு நிற்கட்டும். ஒரே வேரினவாகிய முதலிரண்டும் மீண்டும் மயங்கக்கூடும் என்னும் மறுப்பு தள்ளத்தக்கதன்று; ‘வேதி அரிமானம்’, ‘துகளரிப்பு’ என அடைகொடுத்து வழங்கின் அம்மயக்கம் நீங்கும்.

இப்பகுப்பின் இன்றியமையாமை, இரண்டும் கூடுமிடத்தில் தெளிவாகிறது. ஈரக்கரி துருப்படலத்தைத் தேய்த்து நீக்க, வெளிப்படும் புதிய உலோகம் மீண்டும் துருவேறுகிறது. இழப்பு தனித்தனி இழப்புகளின் கூட்டுத்தொகையை விஞ்சக்கூடும். இவ்வுண்மையைத் தமிழில் உரைக்க ஒரு சொல் போதாது.