லண்டன்டெரி மெட்டின் பூர்வீகம்: ஒரு திருத்தம்

சில வருஷங்களுக்கு முன் நம் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் அயர்லாந்து இசை பற்றிப் பேசினேன். 'லண்டன்டெரி ஏர்' என்ற மெட்டை, சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோரி டால் ஓ'கஹன் என்னும் கண்பார்வையற்ற யாழ்க் கலைஞர், தேவதைகள் வாசிக்கக் கேட்டுக் கற்றார் என்று அடித்துச் சொன்னேன். கைதட்டலும் கிடைத்தது. அது தப்பு. பேசினவனே திருத்துவதுதான் முறை.

ஹார்ப் என்பதை இங்கே யாழ் என்றே எழுதுகிறேன். நம் யாழ் வேறு, அவர்கள் யாழ் வேறு. ஆனாலும் நரம்புகளை விரலால் மீட்டுவதில் இரண்டும் ஒரே இனம்.

மெட்டு உலகறிந்தது. 1913இல் பிரெட் வெதர்லி என்ற ஆங்கில வழக்கறிஞர் தம்முடைய 'டேனி பாய்' பாட்டை இதில் அமைத்து வெளியிட்டபின் பட்டிதொட்டியெல்லாம் பரவிவிட்டது.

நான் பாத்திரக் கடைக்காரன். சரக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பில்லைத்தான் பார்ப்பேன். இந்த மெட்டுக்கு முதல் பில் 1855இல்தான் கிடைக்கிறது. லிமவாடி ஊரைச் சேர்ந்த ஜேன் ராஸ் அம்மையார் எழுதி அனுப்பியதை ஜார்ஜ் பெட்ரி தம் தொகுப்பில் அச்சிட்டார். மிகப் பழையது என்ற குறிப்பு உண்டு. மெட்டுக்குப் பெயர் இல்லை, வாசித்தவர் பெயரும் இல்லை. இந்தப் பில்லை வைத்துக்கொண்டு ரோரி டால் காலத்துக்கு எப்படிக் கணக்கு எழுதுவது? நான் எழுதினேன். அதுதான் என் பிழை.

இதற்கு நேர்மாறாக, அம்மையாரே இயற்றிவிட்டுப் பழசு என்று சொல்லிவிட்டார் என்கிறவர்களும் உண்டு. ஐரிஷ் நாட்டுப் பாடல்களின் யாப்பு இதில் பொருந்தவில்லை என்பது அவர்கள் வாதம். 1934இல் ஆன் கில்கிரிஸ்ட் என்ற ஆய்வாளர் இதற்குப் பதில் தந்தார். வாசித்தவர் சுரங்களை இழுத்து இழுத்து வாசித்திருப்பார், மூன்று எண்ணிக்கைத் தாளத்தை அம்மையார் நான்காக எழுதிவிட்டார் என்றார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அடுத்து 1974இல் ஹியூ ஷீல்ட்ஸ் இன்னொரு பில்லைத் தேடி எடுத்தார். 1792இல் பெல்பாஸ்ட் நகரில் யாழ்க் கலைஞர்கள் கூடினார்கள். அவர்கள் வாசித்ததை எழுதி எடுத்தவர் எட்வர்ட் பன்டிங். அங்கே வந்த டெனிஸ் ஹெம்ப்சன், மூன்று வயதில் அம்மையால் பார்வை இழந்தவர், மாகில்லிகன்காரர். அது லிமவாடி இருக்கும் அதே மாவட்டம். 1796இல் பன்டிங் அச்சிட்ட 'இளைஞன் கனவு' என்ற மெட்டுக்கும் நம் மெட்டுக்கும் உறவு உண்டு என்றார் ஷீல்ட்ஸ். 2000இல் பிரையன் ஆட்லி இதே வழியில் விரிவாக ஆராய்ந்தார்.

இதை ஏற்கிறேன், ஆனால் ஒரு எல்லையோடு. இரண்டும் ஒரே மெட்டு அல்ல, உறவு மெட்டுகள். தவிர, பன்டிங் அச்சிட்டது பியானோவுக்கு ஏற்ப அமைத்தது. ஹெம்ப்சன் உலோகக் கம்பிகளை நீண்ட நகத்தால் மீட்டியவர். பித்தளையைத் தட்டினால் ஓசை எவ்வளவு நேரம் நிற்கும்னு எனக்குத் தெரியும். அந்தக் கார்வை அச்சுத் தாளில் வராது. ஹெம்ப்சன் 1807இல் காலமானார். அம்மையார் பிறந்தது 1810இல். நடுவிலே கைமாற்றிக் கொடுத்தவர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். கண்பார்வையற்ற பிடில்காரர் ஒருவர் என்று ஊர் வழக்கு சொல்கிறது.

ஆக என் முடிவு: வேர் யாழில் இருக்கலாம், உருவம் பெயர் தெரியாத ஒருவர் கையில் வந்தது, காப்பாற்றியது ஜேன் ராஸ். அவரைப் பொய்க்காரி என்பது அநியாயம். நானே இயற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புகழெல்லாம் அவருக்குத்தானே? அவர் செய்த குறை ஒன்றுதான்: வாசித்தவர் பெயரை எழுதவில்லை.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டிமார் பாடும் தாலாட்டை நீங்கள் எழுதி வைக்கலாம், பதிவும் செய்யலாம். முதல் வரியில் அவர்கள் பெயர், ஊர், தேதி போடுங்கள். பாட்டு அப்புறம்.