வர்மம் மேடை ஏறுமா?

போன ஞாயிறு டிவியில் ‘பட்டாஸ்’ ஓடியது. 2020 பொங்கலுக்கு வந்தபோது பார்த்த படம்தான். இந்தத் தடவை அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவன் நாகர்கோவிலில் கிக்பாக்ஸிங் படிக்கிறவன். நம்ம மாவட்டத்து அடிமுறையைப் பெரிய திரையில் பெயர் சொல்லிக் காட்டினார்கள் என்கிற நன்றி எனக்கு உண்டு. கடைசியில் தனுஷ் அடிமுறையை வைத்து நவீனச் சண்டைக்காரர்களைச் சாய்க்கிறார். பையன் என் பக்கம் திரும்பி, “மாமா, நெசமாட்டே இது நடக்குமா?” என்றான்.

இந்தக் கேள்விக்கு எங்க ஊர்ப்பக்கம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: “அது ஆளைக் கொல்லுத அடியாக்கும். மேடையில அடிக்கப்பிடாது.” நானும் இருபது வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பதில்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

வர்மம் மொத்தம் 108 என்பது கணக்கு: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இதில் கழுத்து, பிடரி, கண் இவற்றை ஒட்டியவை மேடையில் விதிப்படி ஆகாது, சரி. மற்றது? விலாவோரத்தில் அடப்பக்காலம் என்று ஒரு வர்மம் சொல்வார்கள். குத்துச்சண்டைக்காரன் வலது விலாவுக்குக் கீழே கல்லீரலைப் பார்த்துப் போடுகிற குத்து அங்கேதான் பக்கத்தில் விழுகிறது. நெற்றிப்பொட்டு, தாடை, நெஞ்சுக்குழி எல்லாம் அவனுக்கு அனுமதி உள்ள இடங்கள். ஓலைச்சுவடி படிக்காமலே கையுறை போட்டுக்கொண்டு அங்கே அடித்து ஆளைப் படுக்க வைக்கிறான். ஆக, இடம் தெரிவது பெரிய விஷயமே இல்லை. ஆடிக்கொண்டே இருக்கிற ஆள்மேல், அவன் திருப்பி அடிக்கும்போது, அந்த இடத்தில் கை போய்ச் சேரணும். அதற்கு எத்தனை தடவை பழகியிருக்கிறோம்?

எனக்கு இது பதினேழு வயதில் தெரிந்திருக்கணும். மூன்று வருஷம் ஆசானிடம் ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு, பூட்டு, பிரிவு எல்லாம் படித்திருந்தேன். குத்துச்சண்டை படித்த கூட்டுக்காரன் ஒருத்தனோடு முட்டம் கடற்கரையில், கலங்கரை விளக்கம் தெரிகிற இடத்தில், விளையாட்டுக்கு நின்றேன். ஒரு நிமிஷத்தில் மூக்கில் ரத்தம். அவன் ஒன்றும் பெரிய வித்தை காட்டவில்லை. இடது கையை நீட்டி நீட்டி எடுத்தான், அவ்வளவுதான். கூட்டச்சுவட்டில் எதிராளியின் கை எங்கிருந்து வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். நான் தடுப்பேன் என்று அவனுக்கும் தெரியும். நிஜமாகவே என் மூக்கை உடைக்க நினைத்து ஒருத்தன் கை நீட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன்.

சீனாவில் 2017 ஏப்ரலில் நடந்ததும் இதுதான். செங்டு நகரில் தாய்ச்சி ஆசான் வெய் லெய், கலப்புச் சண்டைக்காரர் ஷூ சியாவ்டாங்கிடம் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சீன வூஷூ சங்கம் கண்டித்தது. முடக்கப்பட்டது ஜெயித்தவரின் சமூக ஊடகக் கணக்கு! 1954-ல் மக்காவில் தாய்ச்சி ஆசான் ஊ குங்யியும் வெள்ளைக்கொக்கு முறையைச் சேர்ந்த சான் ஹாக்ஃபூவும் மோதியது இன்னொரு கதை. இரண்டு சுற்றில் நிறுத்தி, யாருக்கும் வெற்றி இல்லை என்றார்கள். சில நாளில் லியாங் யூஷெங் ஹாங்காங் பத்திரிகையில் வீரசாகசத் தொடர்கதை ஆரம்பித்துவிட்டார். சண்டையில் கிடைக்காத முடிவைக் கதையில் வாங்கிக்கொள்வது ‘பட்டாஸ்’ காலத்துப் பழக்கம் இல்லை.

பழையது என்பதால் தோற்கிறது என்று நான் சொல்லவரவில்லை. கராத்தேக் குடும்பத்தில் வளர்ந்த லியோட்டோ மச்சிடா 2009-ல் யுஎஃப்சி பட்டம் வாங்கினார். அதற்கும் ரொம்ப முன்னால், 1882-ல் ஜப்பானில் கானோ ஜிகோரோ கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது செய்த காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய ஜுஜுத்ஸுவில் ஆபத்தான அடிகளை வரிசைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, முழு பலத்தோடு ஒருவர்மேல் ஒருவர் செய்யக்கூடியதை மட்டும் தினசரி மோதலுக்கு வைத்தார். கொல்லும் அடி தெரிந்தவர்களைவிட, கொல்லாத பிடியை ஆயிரம் தடவை எதிர்ப்புக்கு நடுவே போட்டவர்கள்தான் கெட்டிக்காரர்கள் ஆனார்கள்.

நம்ம ஆசான்களுக்கும் இந்தச் சோதனை அந்நியம் இல்லை. அவர்கள் வைத்தியசாலையைப் பாருங்கள். வல்லம் தள்ளும்போது தோள்மூட்டு விலகின கடல்காரன் வந்து உட்காருகிறான். ஆசான் தடவுகிறார், இழுக்கிறார், கட்டுப் போடுகிறார். கை தூக்க முடிந்ததா இல்லையா என்று அந்த ஆளே சொல்லிவிடுவான். “இது ரகசியமாக்கும்” என்று அங்கே தப்பிக்க முடியாது. என் ஆசானின் விரலுக்கு உடம்பு தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த விரலைத் தினமும் சோதித்தது நோயாளிகள். அவருடைய அடியைச் சோதிக்கத்தான் யாரும் வரவில்லை. அடங்கல், இளக்கு இதெல்லாம் நிலைத்து நிற்பதும், அடிமுறை கோயில் விழாக் காட்சியாகச் சுருங்குவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது வாசல் திறந்திருக்கிறது. 2022-ல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் களரிப்பயிற்று சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பம் காட்சி விளையாட்டாக வந்தது. சிலம்பத்தில் கம்பு உடம்பைத் தொட்டால் புள்ளி என்று இரண்டு பேர் மோதும் பிரிவு இருக்கிறது. அடிமுறையும் கையுறை, தலைக்காப்பு, பல்காப்போடு அடிதடவை அப்படி விளையாடினால் என்ன? முதல் பத்து வருஷம் தோற்போம். படுவர்மம் பன்னிரண்டும் ஓலையிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

பையனிடம், “தெரியாது மக்கா, பார்க்கணும்” என்றேன். ஆசானின் பேரனிடம் பேசியிருக்கிறேன். வருகிற ஞாயிறு கடற்கரைக்கு வருவான். “அண்ணே, பல்லு போனா வீட்டுல யாரு பதில் சொல்லுகது?” என்று மட்டும் கேட்டான்.